1948: பிரஜாவுரிமை பறிபோன ஆண்டு

(நானுஓயாவில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இத்தீவின் சரித்திரத்தில் கொந்தளிப்பு மிகுந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு பேசவேண்டும் என்று கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவ்விதம் கேட்ட மாத்திரத்தில் பலருக்கும் நினைவில் எழக்கூடிய ஆண்டுகள் சில உண்டு. அரிசி விலை உயர்வை எதிர்த்து ஹர்த்தால் நடந்த 1953, தெருக்களில் இரத்தம் சிந்திய 1958, தெற்கின் வாலிபர் துப்பாக்கி தூக்கிய 1971, நாம் இன்றும் வாய்விட்டுச் சொல்லக் கூசுகின்ற 1983, ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்து, ஜனாதிபதியே நாட்டைவிட்டு ஓடிப்போன 2022 என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சொற்பொழிவுக்கு விஷயம் உடையது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு கல்லும் வீசப்படாத, ஊரடங்குச் சட்டம் ஒரு நாளும் பிறப்பிக்கப்படாத, சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டையே நான் தேர்ந்துகொண்டேன். காரணம் எளியது. 1983ஐத் தவிர, ஏனைய ஆண்டுகளின் கொந்தளிப்பு அந்தந்த ஆண்டோடு பெரும்பாலும் அடங்கிற்று. 1948இன் கொந்தளிப்போ ஐம்பத்தைந்து ஆண்டுகள், 2003ஆம் ஆண்டுவரை, சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்தது. அதன் மிச்சம் இன்னும் நமது தோட்டத்து லயத்து வாசலில் கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அவ்வாண்டு பிறந்த விதத்தை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். ஜனவரி 4ஆம் திகதி பர்மா சுதந்திரம் பெற்றது. ஜனவரி 30ஆம் திகதி டெல்லியில் காந்தியடிகள் சுட்டுக்கொல்லப்பட்டார். 1927இல் இந்த மலைநாட்டுக்கு வந்து நம் முன்னோரின் காசுகளைக் கதர் நிதிக்காகக் கைநீட்டி வாங்கிச் சென்றவர் அவர். ஆகையால் இங்குள்ள லயங்களிலும் அந்தச் செய்தி வீட்டுத் துக்கமாகவே வந்து சேர்ந்தது. பிப்ரவரி 1ஆம் திகதி மலாயா சம்மேளனம் உதயமாயிற்று. பிப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திர டொமினியன் ஆயிற்று. காந்தியடிகளை இழந்த துக்கம் ஆறுவதற்குள் கொழும்பில் கொடி ஏறிற்று. இந்த மூன்று தேசங்களிலும் தமிழ்த் தொழிலாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர் என்பதையும், மூன்றிலும் அதே ஆண்டில் ‘யார் இந்நாட்டவர்?’ என்ற கேள்வி சட்டமாகி அவர்கள் எதிரே வந்து நின்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயத்தின் அகலம் விளங்கும். பர்மாவில் பிரஜாவுரிமைச் சட்டமும், செட்டிமார் கையிலிருந்த வயல்களைத் தொட்ட நில தேசியமயச் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறின. மலாயாவில் ஜூன் மாதம் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி என்ற தமிழர் அடுத்த ஆண்டு மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அங்கே துப்பாக்கியும் தூக்குக் கயிறும் செய்ததை, இங்கே ஒரு சாந்தமான சபையில், தேநீர் இடைவேளையோடு கூடிய விவாதத்தில், கை எண்ணிச் செய்து முடித்தார்கள்.

நம் மக்களின் அன்றைய நிலை என்ன? 1946ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதப்பட்டோர் 7,80,589 பேர். தீவின் ஜனத்தொகையில் நூற்றுக்குப் பன்னிருவருக்குச் சற்றே குறைவு. தேயிலை, இரப்பர், தென்னை என்ற மூன்றுமே நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு அண்மையாக ஈட்டித் தந்த காலம் அது. அவற்றுள் முதலிடம் தேயிலைக்கு. நமது ஊரின் ரயில்வே ஸ்டேஷனையே பாருங்கள். 1885ஆம் ஆண்டில் கோச்சி இங்கு வந்து சேர்ந்தது. பின்னர் இங்கிருந்து நுவரெலியா வழியாக ராகலைவரை ஒரு சின்னக் கோச்சியும் ஓடிற்று. அந்தப் பாதைகளெல்லாம் போடப்பட்டது பிரயாணிகள் பனிமூட்டத்தை ரசிப்பதற்காக அன்று. தேயிலைப் பெட்டியைக் கீழே இறக்குவதற்கும், அரிசி மூட்டையையும் ஆளையும் மேலே ஏற்றுவதற்குமே. எந்தத் துரை எந்த ஆண்டில் எந்தச் செடியை நட்டான் என்பதற்கு இந்நாட்டில் ஆதாரம் இருக்கிறது. அந்தச் செடிக்குக் குழி வெட்டியவனுக்கு எங்கே, எப்போது மகன் பிறந்தான் என்பதற்கு மாத்திரம் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1948இன் சட்டம் கை வைத்தது இந்த இடத்தில்தான்.

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தோடு சர்வஜன வாக்குரிமை வந்தபோது, ஐந்தாண்டு வாசம் முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நம்மவர் சுமார் ஒரு லட்சம் பேர் வாக்காளர் இடாப்பில் ஏறினர். ஹட்டனிலிருந்து பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவாகி, தொழில் மந்திரியாகவும் ஆனார். 1936இல் கோ. நடேசய்யர் சட்டசபைக்குச் சென்றார். தஞ்சாவூரிலிருந்து வந்த அந்தப் பத்திரிகைக்காரர், தோட்டத்துக்குள் வெளியாள் காலெடுத்து வைத்தாலே அத்துமீறல் வழக்குப் போட்ட காலத்தில், புடைவை வியாபாரி வேஷத்தில் லயத்துக்குள் நுழைந்தார் என்று கேள்வி. அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஜனங்களைத் தட்டியெழுப்பினார். நடேசய்யர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்று, அவ்வருஷம் நவம்பரிலேயே காலமானார். நாற்பத்தெட்டைப் பாராமல் அவர் கண்ணை மூடியதும் ஒரு வகையில் நல்லதே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த 1947ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும்; நாற்பத்தெட்டின் விதை அதற்குள்ளே இருந்தது. நேருவின் இலங்கை விஜயத்தின்போது 1939 ஜூலையில் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரஸ், அத்தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. ராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரவில் டி. ராமானுஜம் ஆகிய எழுவரும் பாராளுமன்றம் புகுந்தனர். இந்த ஸ்டேஷனில் கோச்சி ஏறினால், அடுத்தடுத்த தொகுதிகளில் நம்மவரே பிரதிநிதி என்று எண்ணிக்கொண்டே ஹட்டன் தாண்டிப் போகலாம் என்றிருந்த காலம் அது. இதைவிட அரசாங்கத்தின் கண்ணை உறுத்திய விஷயம் வேறொன்று: காங்கிரஸ் நிற்காத பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளர் பெட்டியிலேயே விழுந்தன. டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு, தெரிவுசெய்யப்படும் 95 ஆசனங்களில் கிடைத்தவை 42தான். சுயேச்சைகளையும் நியமன அங்கத்தவர் அறுவரையும் சேர்த்துக்கொண்டே அவர் மந்திரிசபை அமைக்க நேர்ந்தது. மூன்று இடதுசாரிக் கட்சிகளும் பதினெட்டு ஆசனங்களோடு எதிரே உட்கார்ந்திருந்தன. ஆட்சியில் இருப்பவனுக்கு அந்தக் கணக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அரசியல் ஞானம் வேண்டியதில்லை.

ஆனால் இதை ஓட்டுக் கணக்கு ஒன்றாலேயே விளக்கிவிட முயல்வது நியாயமாகாது. கண்டிச் சிங்களக் குடியானவனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அது மெய்யான மனக்குறை. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தின் பேரால் அவனது சேனை நிலமும் மேய்ச்சல் காடும் அரசாங்கத்துக்குச் சொந்தமாகி, அங்கிருந்து துரைமார் கைக்குப் போயின. மலை முழுவதும் முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் ஏறி, கிராமம் பள்ளத்தாக்கில் ஒடுங்கிற்று. அவன் தலை நிமிர்ந்து மலையைப் பார்த்தபோது அங்கே நின்றவன் துரை அல்லன். துரை பங்களாவில் இருந்தான். கூடையோடும் மண்வெட்டியோடும் நின்றவர் நம் பாட்டனும் பாட்டியுமே. நிலத்தை எடுத்தவன் மீது எழ வேண்டிய கோபம், அந்த நிலத்தில் கூலிக்கு நின்றவன் மீது திரும்பிற்று. அதைத் திருப்பிவிட்டவர்கள் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். கோபமே பொய்யென்று நாம் சொன்னால் நமது வழக்கைத்தான் பலவீனப்படுத்திக்கொள்வோம்.

1947 டிசம்பர் இறுதியில் சேனநாயக்கா டெல்லி சென்று நேருவோடு பேசினார். எத்தனை ஆண்டு வாசம், எத்தகைய வருமானம், என்ன சான்று என்று பேச்சு நீண்டு, பிறகு கடிதங்களாக மாறி, முடிவின்றி நின்றது. நேருவின் நிலை, அந்த மக்கள் இலங்கையிலேயே வேரூன்றியவர்கள், அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது. சேனநாயக்காவின் நிலை, தன் பிரஜை யார் என்று தீர்மானிப்பது சுதந்திர நாட்டின் உரிமை என்பது. இரண்டு வாதங்களும் தர்க்கத்தில் குற்றமற்றவை. இரண்டு வீட்டாரும் தத்தம் நியாயத்தைச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டால் திண்ணையில் நிற்பவன் கதி என்னவாகுமோ, அக்கதி நம்மவருக்கு நேர்ந்தது.

ஆகஸ்ட் மாதம் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமூலம் சபைக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமாகி நவம்பர் 15ஆம் திகதி அமுலுக்கு வந்த அந்தச் சாசனத்தை முழுதும் படித்துப் பார்ப்பவர், அதில் ‘இந்தியர்’ என்றோ ‘தமிழர்’ என்றோ ‘தோட்டத் தொழிலாளர்’ என்றோ ஒரு சொல்லைக்கூடக் காணமாட்டார். எல்லோருக்கும் பொதுவான ஒரு விதியைத்தான் அது வகுத்தது: அத்திகதிக்கு முன் இத்தீவில் பிறந்த ஒருவர், தம் தந்தை இத்தீவில் பிறந்தவர் என்று காட்டவேண்டும், அல்லது தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். தான் இங்கே பிறந்தது போதாது. தாய் இங்கே பிறந்ததும் கணக்கில் வராது. இத்தேசத்தின் செல்வத்தைத் தன் விரல் நுனியால் கிள்ளிச் சேர்த்தவள் அவள் என்றபோதிலும், சட்டம் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். இத்தீவில் பிறப்பைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டதே 1897ஆம் ஆண்டில்தான். 1948இல் முப்பது வயதான ஒரு கவ்வாத்துக்காரனை எடுத்துக்கொள்வோம். அவன் தகப்பன் பெரும்பாலும் அந்த ஆண்டுக்கு முன்னரே பிறந்தவனாயிருப்பான். ரதல்லையிலோ பூண்டுலோயாவிலோ ஒரு லயத்துக் காம்பராவில், மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்கு எந்தக் கச்சேரி சீட்டு எழுதி வைத்தது? தோட்டத்து ஆபீஸில் அவன் பெயர் செக்ரோலில் ஏறியிருக்கும். எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) வேலை செய்தான், எவ்வளவு அரிசி வாங்கினான், பெரிய கங்காணியிடம் என்ன கடன் என்பதெல்லாம் சதக்கணக்கில் இருக்கும். எந்த நாளில் எங்கே பிறந்தான் என்பது இராது. ஒரு சிங்களக் கிராமத்தானிடமும் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவனிடமும் காகிதம் இருந்திராது. ஆனால் அவனை எவரும் கேட்கவில்லை. சட்டம் எல்லோருக்கும் பொது. கேள்வி நமக்கு மாத்திரம். கீர்த்தி வாய்ந்தவர்களுக்கு விசேஷமாகப் பிரஜாவுரிமை வழங்கவும் அச்சட்டத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆண்டொன்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேற்படாமல்!

வாக்கெடுப்பில் சட்டமூலத்துக்குச் சார்பாக 53 பேரும் எதிராக 35 பேரும் நின்றனர். எதிர்த்தவர்களில் நம் எழுவரோடு என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீட்டர் கெனமன் போன்ற இடதுசாரித் தலைவர்களும் இருந்தார்கள் என்பதை இக்காலத்து வாலிபர்கள் அறியவேண்டும். சிங்களவர் எல்லோரும் ஒரு பக்கம், தமிழர் எல்லோரும் மறு பக்கம் என்று அன்று சபை பிரியவில்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அந்த ஆகஸ்டில் எதிர்த்து வாக்களித்தார். செப்டம்பரில் சேனநாயக்காவின் மந்திரிசபையில் கைத்தொழில் மந்திரியாக அமர்ந்தார். அதன் பிறகு வந்த இரண்டாவது மசோதாவை ஆதரித்தார். சட்ட நுணுக்கத்தில் அவருக்கு நிகரானவர் அன்று இல்லை என்பார்கள்; அந்த நுணுக்கம் நான்கு மாதத்துக்குள் இவ்வளவு தூரம் பிரயாணம் செய்யுமென்று வாக்களித்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வவுனியாப் பிரதிநிதி செ. சுந்தரலிங்கம் அந்த இரண்டாவது மசோதாவின் காரணமாக மந்திரிப் பதவியை விட்டு விலகினார். எஸ். ஜே. வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம் முதலானோர் பொன்னம்பலத்திடமிருந்து பிரிந்து, 1949 டிசம்பரில் கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். இன்று மலைநாட்டானுக்கு வந்தது நாளை மற்றத் தமிழருக்கும் வரும் என்று செல்வநாயகம் சொன்னதாகச் சரித்திரகாரர் எழுதுகின்றனர். அது பின்னர் பலித்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி கொள்ள ஏதுமில்லை. நம் பொருட்டு ஒரு கட்சி பிறந்தது. அந்தக் கட்சியின் வண்டியோ பிற்காலத்தில் வடக்கு நோக்கியே ஓடிற்று என்பதையும் மரியாதையோடு பதிவு செய்கிறேன்.

இரண்டாவது மசோதா டிசம்பரில் விவாதத்துக்கு வந்தது. அதே டிசம்பர் 10ஆம் திகதி பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் 15ஆம் பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய உரிமை உண்டு என்று கூறுகிறது. கொழும்பில் நிறைவேறிய இந்திய பாகிஸ்தானிய வாசிகள் பிரஜாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கமாகி, விண்ணப்பம் செய்யும் வழியைத் திறந்துவிட்டது. மணமானவர் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இத்தீவில் வாழ்ந்ததாகக் காட்டவேண்டும். இடையில் ஒரே முறையாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். ஜீவனோபாயத்துக்குப் போதிய வழி உண்டென்றும் நிரூபிக்கவேண்டும். தங்கத்தையே தோண்டித் தருபவனிடம் கஞ்சிக்கு வழியுண்டா என்று கேட்பது போன்றது இந்தக் கடைசி நிபந்தனை.

அந்த விசாரணைகளில் நடந்ததை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காலைப் பெரட்டில் ஒரு நாள் லீவு கேட்டு, பேரை இழந்து, வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, அரிசிக் கூப்பனையும் பழைய துண்டுச் சீட்டையும் மஞ்சள் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, ஒருவன் நகரத்துக் கந்தோர் வாசலில் நிற்கிறான். உள்ளே மேசைக்கு அப்பால் இருக்கும் உத்தியோகஸ்தருக்குத் தமிழ் தெரியாது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர். செக்ரோலில் ‘ராமசாமி’, கூப்பனில் ‘ராமன்’, தோட்டத்தில் எல்லோரும் அழைப்பது ‘சின்னத்தம்பி’. மூவரும் ஒருவர்தாமா என்ற கேள்வியிலேயே பாதி நாள் போகும். பிறகு, ஊருக்குப் போனாயா? போனேன் ஐயா, தங்கச்சி கல்யாணத்துக்கு. எப்போது போனாய், எப்போது திரும்பினாய்? தைப் பூசத்துக்குப் பிறகு போனேன், மறு வருஷம் மாசி வாக்கில் வந்தேன். அவன் கள்ளமின்றிச் சொன்ன அந்த ஒரு மாசக் கணக்கில் அவன் பிள்ளைகளின் தேசம் போய்விடும். ஊரிலே ஓலைக் குடிசையில் இருக்கும் தாய்க்கு ஐந்து ரூபாய் மணியார்டர் அனுப்பியிருந்தால், அதுவும் அவன் மனம் இந்தியாவிலே இருப்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டதுண்டு. தாய்க்குச் சோறு போட்டதைக் குற்றமாக எழுதிய சாசனம் உலகில் வேறெங்கும் உண்டோ, நான் அறியேன்.

இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்தது. பின்னர், தவணை முடியும் தறுவாயில் மனம் மாறி, விண்ணப்பிக்கும்படி சொல்லிற்று. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி கதவு மூடப்பட்டபோது சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன. அவற்றுள் அடங்கியோர் எட்டு லட்சத்துக்கும் அதிகம். பல ஆண்டுகள் நீடித்த விசாரணையின் முடிவில் பிரஜாவுரிமை கிட்டியவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர். பகிஷ்காரத்தில் வீணான மாதங்கள் நம்மவர் பலருக்குப் பெருநஷ்டம் விளைத்தன என்பது என் துணிபு. தலைவர்களைப் போற்றும் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

இவற்றின் மேல் முத்திரை வைத்தாற்போல் 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வந்து, பிரஜை அல்லாதார் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. ஆயினும் ஒரு விசித்திரம் பாருங்கள். சோல்பரி அரசியல் திட்டப்படி தொகுதிகள் வகுக்கப்பட்டது ஜனத்தொகையையும் நிலப் பரப்பையும் கொண்டு. அந்த ஜனத்தொகையில் பிரஜை, அல்லாதார் என்ற பேதமில்லை. ஆகவே ஆசனங்களை எண்ணும்போது நம் தலைகளும் எண்ணப்பட்டன. வாக்குகளை எண்ணும்போது நம் கைகள் எண்ணப்படவில்லை. நாம் நின்றதனால் மலைநாட்டுக்கு ஆசனங்கள் கூடின. அவற்றில் உட்கார்ந்தவர்களுக்கு நம்மிடம் வந்து ஒரு வார்த்தை பேசவேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. ரோட்டுப் போடவும், பள்ளிக்கூடம் கட்டவும், ஆஸ்பத்திரி திறக்கவும் எந்தக் கட்சிக்காரனும் ஏன் தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

நியாயஸ்தலம் கைகொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எந்தச் சமூகத்தையும் பாதிக்கும் பாரபட்சமான சட்டம் செல்லாது என்று கூறும் 29ஆம் பிரிவு சோல்பரித் திட்டத்தில் இருக்கத்தான் செய்தது. அதன் பேரில் கொடக்கன்பிள்ளை வழக்கு இங்கிலாந்தின் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. 1953இல் அவர்கள் அளித்த தீர்ப்பின் சாரம்: சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை; தன் பிரஜை யாரென்று வகுப்பது அரசின் இயல்பான அதிகாரம். பெயரைச் சொல்லாமல் எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனத்துக்கு அவ்வளவு தூரத்திலிருந்தும் பலன் கிடைத்தது.

1952 ஏப்ரல் 28ஆம் திகதி வாக்குரிமை பறிபோனதை எதிர்த்துக் கொழும்பில் நம்மவரின் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. அது நான்கு மாதங்களுக்கு மேல் நடந்தது. அவ்வருஷம் மே மாதத் தேர்தலில் நம்மவர் ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. 1947க்குப் பிறகு பொதுத்தேர்தலில் நாம் மறுபடி ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது 1977ஆம் ஆண்டில், நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில். இடையே தொண்டமான் நியமன அங்கத்தவராக உட்கார்ந்தார். கொடுப்பவர் விரும்பினால் மாத்திரம் கிடைக்கும் ஆசனம் அது. இந்த முப்பது ஆண்டுகளைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வாக்கு இல்லாதவனுக்கு எஞ்சிய ஆயுதம் வேலைநிறுத்தம் ஒன்றே. ஆகையால் கட்சி செய்ய வேண்டிய வேலையையும், கச்சேரி செய்ய வேண்டிய வேலையையும், கோர்ட்டும் பஞ்சாயத்தும் செய்ய வேண்டிய வேலையையும் நமது மலைநாட்டில் தொழிற்சங்கமே சுமந்தது. பிள்ளைக்குப் பிறப்புச் சீட்டு வேண்டுமா, மாவட்டத் தலைவரிடம் போ. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமா, தலைவரிடம் போ. சங்கங்கள் இல்லாதிருந்தால் நாம் அழிந்தே போயிருப்போம். அந்த நன்றி நமக்கு என்றும் உண்டு. ஆனால் உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டியதைத் தலைவர் வாங்கித் தந்தார் என்று கும்பிட்டு வாங்கும் பழக்கமும் அக்காலத்தில்தான் நம் எலும்பில் ஊறிற்று. 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டம், கொழுந்தை எடுக்காமல் நின்றே பிரஜாவுரிமையைப் பெற்றுத் தரும் வல்லமை நமது தொழிற்சங்கத்துக்கு இருந்ததைக் காட்டிற்று. அந்த வல்லமை வாக்குரிமை கிடைத்த பிறகு என்னவாயிற்று என்று இளைஞர்கள் தத்தம் தலைவர்களைக் கேட்கவேண்டும். நான் இங்கே கேட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அவர்களில் ஒருவரையும் உன் விருப்பம் என்னவென்று முன்கூட்டிக் கேட்டவர் இல்லை. ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு தேசமும் தம்பிக்கு ஒரு தேசமும் கிடைத்தன. இம்மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட அந்த வண்டிக்கு ஜனங்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர் வைத்தார்கள். அதற்குமேல் நான் வர்ணிக்க வேண்டியதில்லை. இங்கே அமர்ந்திருக்கும் பாட்டிமாரிற் சிலர் அந்த வண்டியை வழியனுப்பியவர்களாயிருக்கலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்து, எஞ்சியிருந்தவர்களையும் பிரஜைகளாக்கின. அப்படியிருந்தும், பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவிடுவதற்குத் தடையாயிருந்த சட்டப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1948ஆம் ஆண்டு நம்மைத் தோற்கடித்தது, அரசாங்கத்திடம் காகிதம் இருந்ததனாலும் நம்மிடம் இல்லாததனாலும். இன்றைக்கு உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும், சாமி படத்துக்குப் பின்னாலும் பழைய துண்டுச் சீட்டு, கூப்பன் புத்தகம், பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் நகல், நிராகரித்து வந்த கடிதம், இந்தியாவுக்குப் போன உறவினர் மண்டபம் முகாமிலிருந்து எழுதிய கடிதம் என்று ஏதேனும் கிடக்கலாம். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அவற்றை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு வாலிபர் முன்வந்து, வீட்டுக்காரர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி, பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கவேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாம் என்று அக்கிராசனர் சொல்கிறார்; நான் எதிர்வரிசையில் இருக்கும் அந்த நால்வரையும் பார்த்தே சொல்கிறேன், பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.